பதினோராவது கேள்வி

பிள்ளைப்பாக்கம்
3-3-1991

அன்புள்ள தம்பி பரசுராமனுக்கு அக்கா மீனம்மாள் எழுதிக்கொள்வது. நானும் பெண் மஞ்சுளாவும் சுகம். உன் மாமா இருக்கிறபடி இருக்கிறார். நீயும் சரோஜாவும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் எனக்கு நிம்மதி.

பொங்கலுக்கு வருவாய் என்று பார்த்தேன். லீவு இல்லை என்று கார்டு போட்டுவிட்டாய். சரி, உன் ஆபீசைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உன் ஆபீசால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

நம் ரெண்டு ஏக்கரில் இனிமேல் மூட்டை உரம் போடுவதில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சாணி, தழை, புண்ணாக்கு, ஆட்டுக்கிடை, இவ்வளவுதான். நவரைப் பட்டத்துக்கு அப்படித்தான் நட்டிருக்கிறேன். பயிர் வெளுத்துப்போய் நிற்கிறது. பக்கத்து நிலத்துக்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போகிறார்கள். யூரியாவுக்கு சர்க்கார் விலையில் பாதி தாங்குகிறது, மருந்தடிக்கிற மெஷினுக்கு மானியம் தருகிறது. எருக்கூடை சுமக்கிறவளுக்கு அந்த சர்க்காரிடம் ஒன்றுமே கிடையாதா? நீ விவசாய ஆபீசில் எட்டு வருஷமாகப் பேனா பிடிக்கிறாய். உனக்குத் தெரியாமல் இருக்காது.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஐப்பசியில் காய்ச்சலில் விழுந்ததிலிருந்து உன் மாமாவுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. மண்வெட்டி பிடிக்க முடியாது. ஒரகடம் ரோட்டில் கம்பெனி வரப்போகிறது என்று சொல்லிக்கொண்டு ராஜசேகர் என்ற புரோக்கர் வாரம் ஒருமுறை பைக்கில் வருகிறான். நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்கிறார் மாமா. பட்டா அவர் பேரில் இருக்கிறது, அவர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நான் சண்டை போட்டு ஒரு வருஷம் தவணை வாங்கியிருக்கிறேன். வருகிற தைக்குள் சர்க்கார் ஏதாவது ஒரு வழியில் நம் நிலத்தைத் தாங்கினால் அவர் கையெழுத்துப் போடமாட்டார். இல்லையென்றால் நிலம் போய்விடும்.

விசாரித்து எழுது. சரோஜாவுக்கு என் அன்பு.

அக்கா
மீனம்மாள்

வேலூர்
21-3-1991

அன்புள்ள அக்காவுக்கு பரசுராமனின் வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை என்பது கவலையாக இருக்கிறது. காய்ச்சல் நரம்பைத் தாக்கியிருக்கும். நல்ல டாக்டரிடம் காட்டுங்கள். இங்கே ஒரு நல்ல செய்தி. சரோஜா முழுகாமல் இருக்கிறாள், இரண்டு மாதம். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நீ கேட்டதை விசாரித்தேன். உரமும் மருந்தும் போடாமல் பயிர் செய்கிறவருக்கு என்று தனியாக ஒரு திட்டமும் இல்லை. சுற்றிவளைத்து வேறு சில உண்டு. சாண எரிவாயு அடுப்புக்கு மானியம் உண்டு, கழிவு எருவாகும். தழை உரத்துக்கான தக்கைப்பூண்டு விதை குறைந்த விலையில் தருகிறார்கள். நுண்ணுயிர் உரப் பாக்கெட் டிப்போவில் பாதி விலைக்குக் கிடைக்கும். இதையெல்லாம் சேர்த்தாலும் ரெண்டு ஏக்கரைத் தாங்காது என்று எனக்கே தெரிகிறது. தொடர்ந்து விசாரிக்கிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். மருந்தே வேண்டாம் என்று திடீரென்று ஏன் முடிவு செய்தாய்? நல்ல விளைச்சல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நீங்கள். தீபாவளிக்கு வந்தபோது எங்கள் டிப்போவில் மிச்சமிருந்த மருந்து ரெண்டு டின் கொண்டுவந்து கொடுத்தேனே, அது புகையான் பூச்சிக்குக் கேட்டதா இல்லையா என்று நீ எழுதவே இல்லை. மாமாவாவது சொல்வார் என்று பார்த்தேன்.

மஞ்சுளாவை நன்றாகப் படிக்கச் சொல்.

அன்புத் தம்பி
பரசுராமன்

பிள்ளைப்பாக்கம்
14-4-1991

அன்புள்ள தம்பிக்கு அக்காவின் ஆசி. வருஷப் பிறப்பும் அதுவுமாக உன் நல்ல செய்தியைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரோஜாவைக் குடம் தூக்க விடாதே. புளிப்பு கேட்டால் வாங்கிக் கொடு, கணக்குப் பார்க்காதே. மாமாவுக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

நீ எழுதியதைப் பார்த்துவிட்டு இங்கே விவசாய ஆபீசுக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்து போனேன். அங்கிருந்த தம்பி நல்ல பிள்ளைதான். முழுக்கக் கேட்டுவிட்டு, “பயிர் வெளுத்திருக்கும்மா, யூரியா போட்டா சரியாப் பூடும்” என்று ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தான். யூரியா வேண்டாம் என்று சொல்லப் போனவள் யூரியா சீட்டோடு திரும்பி வந்தேன். மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

நவரை அறுத்தாயிற்று. போன வருஷத்தில் பாதி கூட இல்லை. களத்தில் நெல்லைக் குவித்தபோது ராஜசேகர் வந்து பார்த்தான். “இன்னாம்மா, இதுக்கா இந்தப் பாடு” என்றான். நான் தூற்றிக்கொண்டே இருந்தேன். தூசி அவன் மேல் விழுந்திருக்கலாம்.

மணிமங்கலத்திலிருந்து கன்னியப்பன் ஆட்டுக்கிடை கொண்டுவந்து போட்டிருக்கிறான். இருநூறு ஆடு, பத்து ராத்திரி நம் நிலத்தில் படுக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கினால் ரெண்டு போகத்துக்குத் தாங்கும் என்கிறான். அதற்கும் சர்க்காரில் வழியிருக்கிறதா கேள்.

அக்கா
மீனம்மாள்

வேலூர்
10-6-1991

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் சுகமா? போன மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்தக் கொடுமைக்குப் பிறகு பஸ்ஸும் தபாலும் சரியாக இல்லை. நீங்கள் பத்திரம் என்று தண்டலத்திலிருந்து வந்த ஒருவர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போலீஸ் வந்து கேட்டால் மாமாவைப் பேசவிடாதே, கை நடுக்கத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள், மஞ்சுளாவைப் பேசச் சொல். சரோஜா நலம், கால்தான் கொஞ்சம் வீங்குகிறது.

அக்கா, வழி கிடைத்துவிட்டது. இரசாயனம் இல்லாத செயல்விளக்கத் திடல் என்று ஒரு சோதனைத் திட்டம் வருகிறது. உங்கள் மாவட்டத்தில் ஐந்து பேரை எடுக்கிறார்கள். மூன்று வருஷத்துக்குத் தழை உர விதை, எருக்குழி கட்ட உதவி, மாட்டுக் கொட்டகைக்கு உதவி, விளைச்சல் குறைந்தால் அதற்கு ஈடு. எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த மூன்று வருஷமும் நிலத்தை விற்கக்கூடாது என்று பட்டாதாரர் ஒப்பந்தம் எழுதித்தர வேண்டும். மாமா அதில் கையெழுத்துப் போட்டால் ராஜசேகர் அந்தப் பக்கம் வரமுடியாது.

படிவம் வைத்திருக்கிறேன். அடங்கல், சிட்டா, போட்டோ இணைத்து எனக்கே அனுப்பு. நான் சரிபார்த்துச் சேர்க்கிறேன். பதினோராவது கேள்வியைக் கவனி. ‘இரசாயன உரம், பூச்சிமருந்து கைவிட்டதற்கான காரணம், ஆதாரத்துடன்’ என்று இருக்கும். அதற்குத்தான் மார்க்கு அதிகம். மருந்தால் உடம்பு கெட்டவர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்தால் முன்னுரிமை உண்டு. உனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்பதால் கொஞ்சம் அழுத்தமாக எழுது. நீ பேசுவதுபோல எழுதினாலே போதும், அதிகாரி அசந்துவிடுவார்.

அன்புத் தம்பி
பரசுராமன்

பிள்ளைப்பாக்கம்
2-7-1991

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சரோஜாவுக்குக் கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். உப்பைக் குறைக்கச் சொல்.

படிவம் இதில் வைத்திருக்கிறேன். அடங்கல் வாங்க மூன்று தடவை நடந்தேன். போட்டோ பிடிக்க ஸ்ரீபெரும்புதூர் போனோம். போட்டோக்காரர் மாமாவை அசையாமல் உட்காரச் சொன்னார். அவர் கையை மடியில் வைத்து நான் பிடித்துக்கொண்டேன், அதனால் போட்டோவில் என் விரல் தெரிகிறது. வெட்டிவிடச் சொன்னேன், மறந்துவிட்டார்.

“சர்க்காரு நம்ம நெலத்த எழுதிக்கினா நான் ராஜசேகருக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்” என்று மாமா வாயால் சொல்லிவிட்டார். மஞ்சுளா சாட்சி.

பத்துக் கேள்விக்கும் எழுதிவிட்டேன். பதினோராவது கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

அக்கா
மீனம்மாள்

வேலூர்
12-7-1991

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். சரோஜாவுக்கு வீக்கம் வடிந்திருக்கிறது, நீ சொன்னபடி உப்பைக் குறைத்தோம்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். முக்கியமான கேள்வி என்று நான் சொன்ன ஒரே ஒரு கேள்வியைக் காலியாக விட்டு அனுப்பியிருக்கிறாய். போட்டோக்காரர் கதையை அரைப் பக்கம் எழுதத் தெரிகிறது, காரணம் எழுதத் தெரியவில்லையா? நான் மார்ச் மாதத்திலேயே கேட்டேன், நீ பதில் சொல்லவில்லை. யாராவது சாமியார் சொன்னாரா? மாமாவோடு சண்டையா? எதுவாக இருந்தாலும் நான் உன் தம்பிதானே.

கடைசி நாள் நெருங்கிவிட்டதால் ‘மண்வளம் காப்பதற்காக’ என்று நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். இதே வரியை நூறு பேர் எழுதியிருப்பார்கள். உரம் விலை ஏறப்போகிறது என்று பேச்சு இருப்பதால் இந்தமுறை மனுவும் அதிகம். நேரில் பார்க்க அதிகாரி வருவார். அவரிடமாவது வாயைத் திற.

அன்புத் தம்பி
பரசுராமன்

பிள்ளைப்பாக்கம்
28-8-1991

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. சரோஜாவின் வளைகாப்புக்கு நாத்தனார் வரவில்லை என்று அங்கே பேசியிருப்பார்கள். பேசட்டும். அன்றைக்குத்தான் அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மஞ்சுளா கையில் கொடுத்தனுப்பிய கண்ணாடி வளையல் சரோஜா கைக்குச் சரியாக இருந்ததா?

அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினார். எருக்குழியைப் பார்த்தார். கிடை போட்டதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டார். ஆடு ரசீது போடாது சார், வேறு ஒன்றுதான் போடும் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கன்னியப்பனைக் கூப்பிட்டுக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு பதினோராவது கேள்விக்கு வந்தார். ஏம்மா விட்டீங்க என்று கேட்டார். மண் கெட்டுப்போச்சு சார் என்றேன். மாமா அவருக்கு மோர் கொடுத்தார். பாதி மோர் அவர் சட்டையில் சிந்தியது. இவருக்கு என்ன என்று கேட்டார். காய்ச்சல் சார், நரம்பில் இறங்கிவிட்டது என்றேன். மாமா என்னைப் பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
மீனம்மாள்

பிள்ளைப்பாக்கம்
30-9-1991

மச்சான் பரசுராமனுக்கு கோதண்டம் எழுதறது. சொல்றது நானு, எழுதறது மஞ்சுளா. இங்க எல்லாரும் நல்லா கீறோம். சரோஜாவுக்கு நெறமாசமாயிடுச்சி, தனியா எங்கயும் அனுப்பாத.

லிஸ்ட்டு ஒட்டிட்டாங்க. அஞ்சு பேரு எடுத்துக்கினாங்க. உங்க அக்கா பேரு ஏழாவதா கீது. மார்க்கு பத்தலியாம். முன்னால கீற ரெண்டு பேரு மருந்தடிச்சி உடம்பு கெட்டவங்களாம், ஆசுபத்திரி சீட்டு வச்சிக் குத்தாங்களாம். நான் கேட்டேன், நம்மகிட்டயும் சீட்டு கீதே, பெரியாசுபத்திரில மூணு நாளு கெடந்த சீட்டு, அத்த வச்சிக் குடுக்கறதுக்கு இன்னான்னு. அவ வாயத் தொறக்கல. அன்னிலேர்ந்து என்கிட்ட பேசறதும் இல்ல.

நீ தீபாவளிக்குக் குத்த டின்னு மருந்த அடிச்ச அன்னிக்கு வாயில நொர தள்ளி வரப்புல வுழுந்தவன் இன்னும் எழுந்துக்கல மச்சான். உன்ன சொல்லல. நீ நல்லதுக்குத்தான் கொண்டாந்த. ஆனா நடந்தது நடந்துடுச்சி. இனிமே இந்த நெலத்துல நான் இன்னா பண்ணப்போறேன். ஆம்பள செய்யற வேலையெல்லாம் அவ செய்யறா. தலைமேல எருக்கூடைய வச்சிக்கினு வரப்புல நடக்கறா, நான் குந்திக்கினு பாக்கறேன். என்னால முடியல. ராஜசேகரு பத்திரம் எழுதிக்கினு வந்துட்டான். தை வரைக்கும் இன்னாத்துக்கு. அடுத்த வாரம் போட்டுடறேன். நீ அவளுக்கு ஒரு வார்த்த எழுது, நீ சொன்னா கேப்பா.

கோதண்டம்

மாமா, அப்பா சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. மஞ்சுளா.

தந்தி
5-10-1991

மாமா கையெழுத்துப் போடவேண்டாம். ஒரு மாதம் பொறுக்கவும். பரசுராமன்.

வேலூர்
11-11-1991

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. அக்டோபர் 24-ஆம் தேதி பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சரோஜாவும் குழந்தையும் நலம். உனக்கு முதலில் தெரியவேண்டிய செய்தி, இத்தனை நாள் தாமதமாகிவிட்டது. தென்றல் என்று பேர் வைத்திருக்கிறோம்.

மாமாவின் கடிதம் வந்த அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. மறுநாள் போய் ஸ்டாக் ரூமைத் திறந்து, உனக்குக் கொடுத்த அதே சரக்கில் மீதி இருந்த பெட்டியைத் தேடி எடுத்தேன். பெட்டி மேல் ஒட்டியிருந்த காகிதத்தை அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன். அது நாம் வழக்கமாக அடிக்கிற மருந்து இல்லை. கைத்தெளிப்பானில் ஒரு டாங்குக்கு அரை மூடிக்கு மேல் கலக்கக்கூடாது என்று போட்டிருக்கிறது. பழைய மருந்து என்று நினைத்துக்கொண்டு உன்னிடம் ரெண்டு மூடி என்று சொன்னேன். டின்னில் காகிதம் கூட இல்லை. இலவசமாகக் கிடைத்ததை அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

நீ காய்ச்சல் என்று எழுதினாய். நானும் நம்பினேன். எட்டு மாதமாக ஏன் ஏன் என்று உன்னைக் கேட்டுத் திட்டியிருக்கிறேன். பதினோராவது கேள்வியில் உண்மையை எழுதினால் மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், என் வேலை போகும், சரோஜா வயிற்றில் குழந்தை. அதற்காக உன் நிலத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்திருக்கிறாய். இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா. நீ என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பதினோராவது கேள்விக்கான பதிலை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அரசுச் சரக்கை அனுமதியில்லாமல் எடுத்தேன், காகிதம் இல்லாமல் கொடுத்தேன், ரெண்டு மூடி என்று தவறாகச் சொன்னேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மாமாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு நகல் வாங்கி இணைத்து, மேலதிகாரிக்கும் திட்டத்தின் அதிகாரிக்கும் அனுப்பினேன். எனக்கு 17-பி குற்றச்சாட்டு மெமோ வந்திருக்கிறது. இந்த மாதம் முதல் சஸ்பென்ஷன். டிசம்பர் 27-ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு விசாரணை. அதில் வேலை போகலாம் என்று சொல்கிறார்கள். சரோஜாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள், பிறகு, செய்தது சரி என்றாள்.

ஐந்து பேரில் ஒருவர் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே நிலத்தை விற்றுவிட்டாராம். ஆஸ்பத்திரிச் சீட்டு சேர்ந்ததால் அந்த இடத்துக்கு உன் பேரைச் சேர்த்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வருவார்கள். மாமாவைக் கையெழுத்துப் போடச் சொல். நடுங்கினாலும் பரவாயில்லை.

தம்பி
பரசுராமன்

பிள்ளைப்பாக்கம்
15-12-1991

அன்புள்ள தம்பிக்கு, மருமகளின் முகத்தை இன்னும் பார்க்காத அத்தை எழுதுகிறேன். தென்றலுக்கு சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரோஜாவைப் பூண்டு நிறைய சாப்பிடச் சொல், பால் ஊறும். அவள் சொன்ன வார்த்தையைப் படித்துவிட்டு நான் அவளை நினைத்துக் கும்பிட்டேன்.

ஒப்பந்தத்தில் மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார். போன வாரம் ஆபீசிலிருந்து வந்து வரப்பில் திட்டத்தின் பேர் எழுதிய பலகை நட்டுவிட்டுப் போனார்கள். ராஜசேகர் வந்து அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான். சம்பா பூட்டை எடுத்துக் கதிர் விட்டிருக்கிறது. நான் மார்ச்சில் உன்னிடம் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. எனக்குச் சோறுதான் இறங்கவில்லை.

ஒரு மாசமாக நான் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. உன் வேலைக்காக நான் வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதில் பாதிதான் நிஜம். மீதியைக் கேள்.

அன்றைக்கு மருந்து கலந்தது நான். நீ ரெண்டு மூடி என்றுதான் சொன்னாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புகையான் தூருக்குத் தூர் அடித்திருந்தது, எனக்குப் பதற்றம். சர்க்கார் சரக்கில் வீரியம் இருக்காது, வருகிற வழியிலேயே பாதி தண்ணீர் கலந்துவிடுவார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வதுதான். சர்க்கார் விதை என்றால் ரெண்டு பங்காகத் தெளிப்போம். சர்க்கார் ஆஸ்பத்திரி மாத்திரை என்றால் ஒன்றுக்கு ரெண்டாகப் போடுவோம். அதே வழக்கத்தில் ஒரு டாங்குக்கு நாலு மூடி ஊற்றினேன். ஆறு டாங்கு கலந்து கொடுத்தேன். ஏழாவது கலந்துகொண்டிருக்கும்போது அவர் விழுந்தார்.

நீ என் சம்மதம் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் அது கோபம் இல்லை, பயம் என்று புரிந்தது. படிவத்தில் அந்தச் சீட்டை வைத்தால் எத்தனை மூடி கலந்தீர்கள் என்று கேட்பார்கள். நான் சொல்லும்போது மாமா என் முகத்தைப் பார்ப்பார். அதற்குப் பயந்துதான் பதினோராவது கேள்வியைக் காலியாக விட்டேன். உன் பேர் எனக்கு ஒரு மறைப்பாக இருந்தது, அவ்வளவுதான். நீயோ ரெண்டு மூடி என்று எழுதி முழுப் பழியையும் உன் தலையில் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் சொல்லிவிட்டேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தேன், அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டுக் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அப்புறம் சொன்னார்.

“தெரியும். நீ நாலு ஊத்தறத பாத்துக்கினுதான் பம்ப முதுகுல மாட்டினேன். சர்க்காரு மருந்துதானேன்னு நானும் இருந்துட்டேன்.”

ஒரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீயே சொல்லுவன்னு இருந்தேன்” என்றார்.

நான் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் எழுந்துவந்து பக்கத்தில் நின்றார். என் தோளில் வைத்த கை ஆடிக்கொண்டே இருந்தது.

நாலு மூடி கலந்தோம் என்று சொன்னால், தப்பாகப் பயன்படுத்தியவர்கள் என்று அந்தப் பலகையைப் பிடுங்கிவிடுவார்களா என்று இங்கே ஆபீஸ் தம்பியைக் கேட்டேன். பிடுங்கினாலும் பிடுங்கலாம் என்றான். வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அப்படிப் பிடுங்கினால் ராஜசேகருக்குக் கையெழுத்துப் போடுவீர்களா என்றும் கேட்டேன். வெள்ளை வேட்டியைத் துவைத்து வை, வேலூருக்குப் போகணும் என்றார்.

27-ஆம் தேதி முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறோம். நீ எங்களை வரவேண்டாம் என்று எழுதாதே, எழுதினாலும் நான் படிக்கப்போவதில்லை. குழந்தையை விசாரணை முடிந்த பிறகு வந்து தூக்கிக்கொள்கிறேன். நீ கொடுத்த தவறான அளவை நீ சொல்லிவிட்டாய். எத்தனை மூடி என்று அதிகாரி எங்களைக் கேட்டால், நாலு என்று ரெண்டு பேரும் சொல்வோம்.

அக்கா
மீனம்மாள்